சரியான மென்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆனதும் பலருக்கு இந்த யோசனை வரும்: "நமக்கு ஒரு மென்டர் இருந்தால் நன்றாக இருக்குமே." உடனே பெரிய பதவியில் இருக்கும் யாருக்காவது ஒரு மெசேஜ் போகும். பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் ஒரே ஒரு பேச்சோடு முடிந்துபோகும். அந்தப் பெரியவர்மேல் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். மென்டர், வழிகாட்டி என்ற இரண்டு சொல்லையும் ஒரே பொருளில்தான் பயன்படுத்துகிறேன்.

மென்டர், கோச், மேனேஜர், ஸ்பான்சர் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் தவறான ஆளிடம் போய் தவறான உதவியைக் கேட்டு நிற்போம்.

மேனேஜருக்கு முதலில் வேலை நடக்க வேண்டும். உங்கள் வளர்ச்சி அதற்கு அடுத்ததுதான், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கோச் என்பவர் ஒரு திறமையையோ பழக்கத்தையோ சரிசெய்யக் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு, கூட இருப்பவர். உங்கள் துறையில் அவருக்கு அனுபவம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மென்டர் நீங்கள் போக நினைக்கும் பாதையில் ஏற்கெனவே நடந்தவர். ஸ்பான்சர் இன்னொரு வகை. ப்ரமோஷன் பட்டியலைப் பேசும் கூட்டத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அங்கே உட்கார்ந்து "இந்த ப்ராஜெக்ட்டை இவரிடம் கொடுக்கலாம், நான் பொறுப்பு" என்று உங்களுக்காகப் பேசுகிறவர்தான் ஸ்பான்சர்.

வேலையிடத்தில் வழிகாட்டுதல் எப்படி நடக்கிறது என்று 1980களில் ஆராய்ந்தவர் அமெரிக்க ஆய்வாளர் கேத்தி க்ராம். அதில் இரண்டு விதமான உதவி கலந்திருக்கிறது என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது தொழில் சார்ந்தது: வாய்ப்பு வாங்கித் தருவது, நாலு பேர் கண்ணில் படும்படி செய்வது, சவாலான வேலை கொடுப்பது, கற்றுத் தருவது, சிக்கல் வந்தால் காப்பது. இரண்டாவது மனம் சார்ந்தது: முன்மாதிரியாக இருப்பது, உங்களை உங்களாகவே ஏற்றுக்கொள்வது, பயத்தையும் குழப்பத்தையும் கொட்ட இடம் தருவது, நட்பு. இரண்டையும் முழுதாகத் தரும் ஒரே ஆள் கிடைப்பது அபூர்வம். இதில் உங்களுக்கு இப்போது எது குறைகிறது என்று யோசித்தாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

மென்டர் இருந்தால் சம்பளம் கூடுமா? ப்ரமோஷன் சீக்கிரம் வருமா?

கொஞ்சம். டாமி ஆலன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2004-ல் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மென்டர் இருந்தவர்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் சாதகம் தெரிந்தது, ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. தன் தொழில் வாழ்க்கை பற்றிய திருப்தியில்தான் பயன் சீராகத் தெரிந்தது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஏற்கெனவே நன்றாக வேலை செய்கிறவர்களை மூத்தவர்கள் தாங்களாகவே தேடிவந்து வளர்ப்பதும் உண்டு. அதனால் அந்தச் சின்ன வித்தியாசத்தையும் முழுக்க மென்டர் கணக்கில் எழுத முடியாது.

அப்புறம் எதற்கு மென்டர் என்று கேட்டால், நீங்களாகவே இரண்டு வருடம் முட்டிமோதித் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களை அரை மணி நேரப் பேச்சில் தெரிந்துகொள்ளலாம். எந்தச் சண்டையைப் போடலாம், எதை விட்டுவிடலாம், எந்தப் பதவி வெளியிலிருந்து பார்க்கத்தான் அழகு என்பதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாளிலிருந்து. யாரைக் கேட்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், என்ன கேட்கப்போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நேராக ஆளைத் தேடிப் போவதுதான் நான் பார்த்தவரை மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

"எனக்கு கேரியரில் வளர வேண்டும்" என்பது கேள்வியே இல்லை. அதை யாரிடம் சொன்னாலும் பொதுவான பதில்தான் வரும். இதைப் பாருங்கள்: "ஐந்து பேர் டீமுக்கு லீட் ஆகி நாலு மாதம் ஆகிறது. டீமில் என்னைவிட அனுபவம் கூடிய ஒருவர் இருக்கிறார். அவர் வேலையில் குறை இருந்தால் சொல்ல வாய் வரவில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் ராத்திரி உட்கார்ந்து நானே அதைச் சரிசெய்துவிடுகிறேன்." இப்படி எழுதியதுமே யார் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. சமீபத்தில் டீம் லீட் ஆகி, இதே சங்கடத்தைத் தாண்டி வந்த ஒருவர். உங்கள் துறையில் பெயர் பெற்ற நிபுணரோ நிறுவனத்தின் இயக்குநரோ இதற்குத் தேவையே இல்லை.

எழுதிப் பார்த்தபிறகு, இதற்கு மென்டரே வேண்டாம், ஒரு நல்ல பாடத்திட்டமோ பக்கத்து இருக்கை சீனியரோ போதும் என்று தெரியவருவதும் உண்டு. அதுவும் லாபம்தான்.

துறையில் பெரிய பெயர் உள்ளவரைப் பிடிப்பது நல்லதா, நம்மைவிட இரண்டு படி மேலே இருப்பவர் போதுமா?

என் ஓட்டு இரண்டு படி மேலே இருப்பவருக்கு. இருபத்தைந்து வருடம் முன்னால் இருப்பவருக்கு நீங்கள் இப்போது நிற்கும் இடம் மறந்துபோயிருக்கும். அவர் வேலை தேடிய காலத்தில் இருந்த வழிகள் இப்போது இல்லை. ஆள் எடுக்கும் முறை, கருவிகள், ஒரு வேலையில் எத்தனை வருடம் இருப்பது மரியாதை என்ற எண்ணம் எல்லாமே மாறிவிட்டது. அவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் அறிவுரையே காலாவதியாகிப்போயிருக்கலாம். மூன்று முதல் ஏழு வருடம் முன்னால் இருப்பவருக்கு நினைவு இன்னும் பசுமையாக இருக்கும், நேரமும் கிடைக்கும்.

பெரியவர்கள் உதவும் இடம் வேறு. பத்து வருடம் கழித்து இந்தத் துறை எங்கே போகும், இதில் இருக்கலாமா வெளியேறலாமா போன்ற கேள்விகளுக்கு அவர்கள் பார்வை விலைமதிப்பில்லாதது. அந்த மாதிரிக் கேள்விகள் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். அதற்கு ஒரு நீண்ட உரையாடல் போதும், மாதாமாதம் அவர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

என் மேனேஜரே மென்டராக இருக்கலாமா?

இருக்கலாம், பாதியளவுக்கு. வேலையைக் கற்றுக்கொள்ள அவரைவிட நெருக்கமான ஆள் கிடையாது, ஏனென்றால் உங்கள் வேலையைத் தினமும் பார்ப்பவர் அவர்தான். ஆனால் "இந்த டீமை விட்டுப் போகலாமா என்று யோசிக்கிறேன்" என்பதை அவரிடம் சொல்ல முடியுமா? "எனக்கு இந்த வேலை சரியாகத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி நடிக்கிறேன்" என்று? அப்ரைசல் எழுதும் கையிடம் இதைச் சொல்ல யாருக்கும் தயக்கம் வரும், வரவும் வேண்டும். அந்தப் பேச்சுக்கு உங்கள் மதிப்பீட்டில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் தேவை.

தெரிந்தவர் யாரும் இல்லையே, எங்கே போய்த் தேடுவது?

யாரும் இல்லை என்று தோன்றுவதற்குக் காரணம், நெருக்கமானவர்களை மட்டுமே மனதில் ஓட்டிப் பார்ப்பது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கியது இங்கே உதவும்: நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், எல்லோரும் ஒரே வட்டத்தில் சுற்றுவதால். புதிய தகவலும் புதிய வாய்ப்பும் அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் அதிகம் வரும், ஏனென்றால் அவர்கள் வேறொரு வட்டத்தில் இருப்பவர்கள்.

எனவே பழைய கம்பெனியில் வேறு டீமில் இருந்தவர், கல்லூரியில் இரண்டு வருட சீனியர், ஒரு ப்ராஜெக்ட்டில் மூன்று வாரம் மட்டும் சேர்ந்து வேலை செய்த வாடிக்கையாளர் தரப்பு ஆள், தொழில்முறைச் சங்கக் கூட்டத்தில் கேள்வி கேட்டபோது பொறுமையாகப் பதில் சொன்னவர், இப்படி யோசித்துப் பாருங்கள். லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாதவருக்கு எழுதுவதும் ஒரு வழிதான், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வேலையை ஒரு முறையாவது நேரில் பார்த்தவர் தரும் ஆலோசனைக்கும், உங்கள் ரெஸ்யூமேவை மட்டும் பார்த்தவர் தரும் ஆலோசனைக்கும் நிறைய தூரம் இருக்கிறது.

"எனக்கு மென்டராக இருப்பீர்களா?" என்று நேரடியாகக் கேட்கலாமா?

முதல் மெசேஜிலேயே வேண்டாம். அந்தக் கேள்வி எதிராளியைத் திகைக்க வைக்கும். எத்தனை மாதம், எவ்வளவு நேரம், என்ன பொறுப்பு என்று எதுவும் தெரியாமல் யார் சரி என்று சொல்வார்? சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். உதாரணமாக இப்படி:

"வணக்கம் மேடம். போன மாதம் நடந்த பயிற்சியில், சப்ளையரிடம் விலை பேசுவதற்கு முன்னால் டெலிவரி தேதியைப் பேசி முடித்துவிடுங்கள் என்று சொன்னீர்கள். இரண்டு பேரிடம் அதைச் செய்து பார்த்தேன். ஒருவரிடம் பலித்தது, இன்னொருவர் பிடியே கொடுக்கவில்லை. எங்கே சறுக்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் இருபது நிமிடம் போனில் பேச முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, அன்று சொன்னதே உதவியாக இருந்தது."

இதில் அவர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், செய்தும் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கேள்வி குறிப்பாக இருக்கிறது, நேரம் அளவாக இருக்கிறது, மறுக்கவும் வழி விட்டிருக்கிறீர்கள். புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். இப்படி மூன்று நான்கு உரையாடல் நடந்த பிறகு, "இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பேசலாமா?" என்று கேட்டால் அவருக்கும் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்கும். பலருடைய விஷயத்தில் மென்டர் என்ற சொல்லே கடைசிவரை வாயில் வராது. உறவு மட்டும் வருடக்கணக்கில் ஓடும்.

முதல் சந்திப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் வேலையில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு ரிப்போர்ட், ஒரு வடிவமைப்பு, ஒரு கடினமான ஈமெயிலின் வரைவு, எதுவானாலும் சரி. (கம்பெனி ரகசியம் இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத்தான்.) அதை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டு பக்கத் திட்ட முன்மொழிவு ஒன்றை நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "ரொம்ப நன்றாக இருக்கிறது, தைரியமாக அனுப்புங்கள், எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது" என்று தன் கதைக்குப் போய்விடுகிறார். அரை மணி நேரம் சுவாரசியமாகப் போகும், நீங்களும் சந்தோஷமாகத் திரும்புவீர்கள். இன்னொருவர் பேசாமல் இரண்டாவது பக்கத்துக்குப் போய் அட்டவணையில் ஒரு வரியில் விரலை வைக்கிறார். "இந்த மூன்று வாரம் எங்கிருந்து வந்தது? டெஸ்டிங் யார் செய்யப்போகிறார்? அவரிடம் கேட்டுத்தான் போட்டீர்களா?" கேட்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். "அப்படியானால் இது அவருடைய தேதி இல்லை, உங்களுடைய ஆசை. முதலில் அவரிடம் பேசிவிட்டு வாருங்கள்." கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். தேர்ந்தெடுக்க வேண்டியது இவரைத்தான்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. அவர் பேசும் நேரத்துக்கும் கேட்கும் நேரத்துக்கும் ஓரளவாவது சமநிலை இருக்கிறதா? தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா? மற்றவர்கள் அவரிடம் நம்பிச் சொன்னதை உங்களிடம் பெயரோடு சொல்கிறாரா? கடைசியாகச் சொன்னது நடந்தால் எழுந்து வந்துவிடலாம். நாளைக்கு உங்கள் கதையும் இன்னொருவரிடம் அப்படித்தான் போகும்.

யாரைத் தவிர்க்க வேண்டும்?

இதற்குத் தமிழிலேயே ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இலக்கண நூல்தான் என்றாலும், பாயிரத்தில் யார் ஆசிரியர் ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் இலக்கணத்துக்குப் போகிறது. பொறாமை, பேராசை, வஞ்சகம், அச்சமூட்டும் பேச்சு உள்ளவர்களை ஒதுக்கிவிட்டு நான்கு உவமைகள் தருகிறது. இன்றைய அலுவலகத்தில் நான்கு பேரையும் பார்க்கலாம்.

முதலாவது கழற்குடம், அதாவது கழற்காய் போட்டு வைத்த குடம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, எல்லாம் ஒன்றாகக் கொட்டும். நிறையத் தெரிந்தவர், ஆனால் உங்களுக்கு இப்போது எது தேவை என்ற வரிசையே இல்லாமல் பத்து விஷயத்தைக் கொட்டிவிட்டுப் போவார். வீடு வந்து நோட்டைப் பார்த்தால் எதில் தொடங்குவது என்று தெரியாது.

இரண்டாவது மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது, தானாக விழுந்தால்தான் உண்டு. மனம் வந்தால் அருமையாகச் சொல்லித் தருவார், நீங்களாகக் கேட்டுப் போனால் நெருங்கவிடமாட்டார். மெசேஜைப் பார்த்ததற்கான நீல டிக் இருக்கும், பதில் இருக்காது.

பருத்திக் குண்டிகை என்பது குறுகிய வாய்க்குள் பஞ்சை அடைத்த பாத்திரம். உள்ளே போனதும் கஷ்டப்பட்டுத்தான், வெளியே வருவதும் அப்படித்தான். தொழிலில் கெட்டிக்காரர்கள் பலர் இந்த ரகம். செய்யத் தெரியும், எப்படிச் செய்கிறோம் என்று விளக்க வராது. இவரிடம் அறிவுரை கேட்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்க்க அனுமதி கேட்டால் பயன் உண்டு. எனவே இவரை மட்டும் முழுதாகத் தள்ளிவிட வேண்டாம் என்பேன்.

நான்காவது முடத்தெங்கு. வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றியவர் ஒருவர், காய் விழுவது அடுத்தவர் தோட்டத்தில். உங்களிடம் பிரசென்டேஷன் செய்து வாங்குவார், ஆய்வுக்குத் தரவு தேடச் சொல்வார், வார இறுதியிலும் வேலை தருவார். வாய்ப்பு வரும்போது பரிந்துரைக்கும் பெயர் வேறு. இவரை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு: அவரிடம் முன்பு கற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நல்ல மென்டரிடம் இருந்தவர்கள் மேலே போயிருப்பார்கள், அவரைப் பற்றி உற்சாகமாகப் பேசுவார்கள். முடத்தெங்கிடம் இருந்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

நன்னூல் சொல்லும் பொறாமையையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பின்னால் இருக்கும்வரை அன்பாக இருந்துவிட்டு, பக்கத்தில் வந்ததும் குறை தேடத் தொடங்கும் மென்டர்களும் உண்டு. தனிமையில் வரச் சொல்லி வற்புறுத்துவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத தனிப்பட்ட கேள்விகள், "நான் இல்லாவிட்டால் உனக்கு இங்கே ஒன்றும் நடக்காது" என்ற தொனி, இதில் எது தெரிந்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் விலகுங்கள். தேவைப்பட்டால் ஹெச்ஆரிடமோ நம்பகமான இன்னொரு மூத்தவரிடமோ எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

என்னைப் போன்ற பின்னணி உள்ளவராக, என் பாலினத்தவராக இருந்தால்தான் புரிந்துகொள்வாரா?

சில விஷயங்களை நிச்சயம் எளிதாகப் புரிந்துகொள்வார். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும்போது என்ன நடக்கும், கூட்டத்தில் தான் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால் என்ன செய்வது என்பதை அனுபவித்தவர் சொல்வதற்கு ஈடில்லை. குடும்பத்தில் முதல் ஆளாக அலுவலக வேலைக்கு வந்தவருக்கும் அதேதான். ஆனால் இதையே ஒரே நிபந்தனையாக வைத்தால் கிடைக்கக்கூடிய ஆட்கள் மிகக் குறைவு, மேலே போகப் போக இன்னும் குறைவு.

இன்னொன்று. ஹெர்மினியா இபார்ரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-ல் சுட்டிக்காட்டியது, பெண்களுக்கு அறிவுரை சொல்லும் மென்டர்கள் குறைவில்லாமல் இருந்தும், அவர்களுக்காகக் கூட்டத்தில் பேசும் ஸ்பான்சர்கள் ஆண்களுக்கு இருக்கும் அளவுக்கு இல்லை என்பது. எனவே அனுபவத்தைப் பகிர உங்களைப் போன்ற ஒருவர், முடிவெடுக்கும் மேசையில் செல்வாக்குள்ள இன்னொருவர் என்று இரண்டு பேரை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கம்பெனியே ஒரு மென்டரை ஒதுக்கித் தந்திருக்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளுங்கள், எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். தானாக அமைந்த உறவு, நிறுவனம் இணைத்துவைத்த உறவைவிடப் பொதுவாக அதிகம் பலன் தருகிறது என்று ராகின்ஸ், காட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-லேயே எழுதினார்கள். யாரோடு இணைப்பது என்பதில் இரு தரப்பையும் கேட்டுச் செய்தால் அந்த உறவின் தரம் கூடுகிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆகவே ஹெச்ஆர் படிவம் தந்தால் "யாராக இருந்தாலும் சரி" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன அந்தத் தாளில் இருக்கும் கேள்வியை அப்படியே எழுதுங்கள், தெரிந்தால் இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

ஒதுக்கப்பட்டவர் உங்களுக்குச் சரிவராவிட்டால், "இந்த விஷயத்தில் அனுபவம் உள்ள வேறு யாரிடம் பேசலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள். பலர் மகிழ்ச்சியாகவே கைகாட்டிவிடுவார்கள், அவர்களுக்கும் நேரம் மிச்சம்.

காசு வாங்கிக்கொண்டு மென்டரிங் செய்கிறார்கள். நம்பலாமா?

கட்டணம் வாங்குவது தப்பில்லை. ஆனால் அப்போது அவரை ஒரு சேவை தருபவராகப் பார்த்து விசாரிக்க வேண்டும்: இந்த வேலையை அவர் எத்தனை வருடம், எங்கே செய்தார், பழைய மாணவர்கள் இருவரிடம் பேச முடியுமா, பிடிக்கவில்லை என்றால் மீதிப் பணம் திரும்ப வருமா? தொழிலே மற்றவர்களுக்கு வழிகாட்டுவதுதான், எந்த வேலைக்கு வழிகாட்டுகிறாரோ அதை அவர் ஒருநாளும் செய்ததே இல்லை என்றால் விட்டுவிடலாம். "வேலை உத்தரவாதம்" என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

ஒருவர் போதுமா?

போதாது. மோனிகா ஹிக்கின்ஸோடு சேர்ந்து 2001-ல் எழுதியபோது க்ராமே இதைத்தான் வலியுறுத்தினார்: ஒரே குருவை நம்புவதற்குப் பதிலாக, வெவ்வேறு இடங்களிலிருந்து உதவும் சில பேர் கொண்ட வளையமாகப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பத்துக்கு ஒருவர், அலுவலக அரசியலுக்கு ஒருவர், துறைக்கு வெளியிலிருந்து ஒருவர், உங்கள் அளவிலேயே இருக்கும் ஒரு தோழர். நான்கு பேருக்கு மேல் போனால் அறிவுரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் வேண்டாம்.

என்னைவிட வயதில் சின்னவரிடம் கற்றுக்கொள்வது சங்கடமாக இருக்கிறதே?

சங்கடம் இயல்புதான், ஆனால் அதற்காக விட்டுவிட வேண்டாம். 1999-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவர் ஜாக் வெல்ச், தன் உயரதிகாரிகள் சுமார் 500 பேரை இளம் ஊழியர்களிடம் இணையத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். தலைகீழ் மென்டரிங் என்ற பேச்சு பரவியது அதன்பிறகுதான். நடைமுறையில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்: அலுவலகத்தில் "தம்பி", "நீ" என்று கூப்பிடுபவராக இருந்தாலும், கற்றுக்கொள்ள உட்காரும் அந்த அரை மணி நேரம் அவர் சொல்வதை இடையில் வெட்டாதீர்கள். தெரிந்ததைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஐ சாட்பாட்டையே மென்டராக வைத்துக்கொண்டால் என்ன?

ரெஸ்யூமேவைத் திருத்த, இன்டர்வியூ பயிற்சிக்கு, ஒரு கடினமான ஈமெயிலை மென்மையாக்க நன்றாகவே உதவும். ஆனால் அதற்கு உங்கள் மேனேஜரைத் தெரியாது, போன வருடம் அந்த டீமில் என்ன நடந்தது என்று தெரியாது, நீங்கள் சொல்லாமல் விட்டதை முகத்தில் படிக்கத் தெரியாது. உங்களுக்காக யாரிடமும் போன் செய்து பேசவும் முடியாது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை பேச வேண்டும்? என்ன தயாரிப்பு வேண்டும்?

ஆறு வாரத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை என்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். இடையில் ஏதாவது செய்துபார்க்க நேரம் வேண்டுமே. சந்திப்பதற்கு முந்தைய நாள் நாலு வரி அனுப்பிவையுங்கள்: போன முறை சொன்னதில் எதைச் செய்தேன், என்ன ஆனது, எதைச் செய்யவில்லை, இந்த முறை எதைப் பற்றிப் பேச வேண்டும். தேதி குறிப்பது, நினைவூட்டுவது, குறிப்பெடுப்பது எல்லாம் உங்கள் வேலை. அவர் துரத்திக்கொண்டு வரவேண்டும் என்று எதிர்பார்த்தால் இரண்டாவது சந்திப்போடு முடிந்துவிடும்.

அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்யாமல் விட்டால் கோபிப்பாரா?

செய்யாமல் விடுவதில் கோபப்படுபவர்கள் குறைவு. செய்ததாகக் காட்டிக்கொள்வதும் மௌனமாகக் காணாமல்போவதும்தான் கசப்பை உண்டாக்கும். "நீங்கள் சொன்னதை யோசித்தேன் சார். வேலையை விட்டுவிட்டு மேல்படிப்புக்குப் போவது என் குடும்பச் சூழ்நிலையில் இப்போது முடியாது. அதனால் பகுதி நேரமாகப் படிக்கலாம் என்றிருக்கிறேன். இதில் நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?" இப்படிக் கேட்டுவிட்டால் பெரும்பாலும் நல்ல பேச்சாகவே தொடரும். இதையும் அவமரியாதையாக எடுத்துக்கொள்பவர் என்றால், அவருக்கு வேண்டியது சொன்னபடி கேட்கும் சீடர். உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

பரிசுப்பொருள் எல்லாம் வேண்டாம். சொன்னது பலித்ததா என்று திரும்பிவந்து சொல்லுங்கள். மென்டர்கள் சொல்லும் பெரிய குறையே, அறிவுரை வாங்கிப் போனவர் என்ன ஆனார் என்றே தெரியவில்லை என்பதுதான். அவருக்குப் பயன்படும் கட்டுரை, புதிய கருவி, அவர் தேடும் வேலைக்குப் பொருத்தமான ஆள் எதுவாவது கண்ணில் பட்டால் அனுப்பிவையுங்கள்.

எப்போது, எப்படி முடித்துக்கொள்வது?

க்ராம் இந்த உறவை நான்கு கட்டமாகப் பார்த்தார்: தொடங்குவது, வளர்வது, பிரிவது, வேறு உருவம் எடுப்பது. வளரும் கட்டம் இரண்டு முதல் ஐந்து வருடம்வரை போகலாம். பிரிவு அதன் இயல்பான பகுதி, யாரும் தப்பு செய்ததாக அர்த்தமில்லை. சந்திக்கும் நாள் நெருங்கும்போது கேட்க ஒன்றும் இல்லாமல் தலைப்பைத் தேட வேண்டியிருந்தாலோ, அவர் சொல்லப்போகும் பதில் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலோ, காலம் வந்துவிட்டது.

சும்மா பதில் அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். அதே ஊழியர்கள், அதே துறை, பத்து வருடம் கழித்தும் எங்காவது எதிரில் வருவார்கள். "நான் எதற்காக உங்களிடம் வந்தேனோ அது இப்போது கைவந்துவிட்டது. இனி மாதச் சந்திப்பு வேண்டாம், முக்கியமான முடிவு எடுக்கும்போது மட்டும் உங்களைக் கேட்கிறேன்" என்று சொல்லி, எந்த அறிவுரை எந்த இடத்தில் உதவியது என்று ஒன்றிரண்டைக் குறிப்பாகச் சொன்னால் போதும். பெரும்பாலும் அவரும் இதை எதிர்பார்த்துத்தான் இருப்பார்.